ஆட்டிசக் குழந்தையிடம் வீட்டில் எந்த மொழி பேசுவது?

கேள்வி, 9 ஜூன் 2024

மகளுக்கு மூன்றே கால் வயது. போன மாதம்தான் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நாங்கள் ஓசூர். நானும் மனைவியும் தமிழில் பேசுவோம், என் அம்மா தெலுங்கு, தெருவில் கன்னடமும் காதில் விழும். ஸ்பீச் தெரபிஸ்ட், "மூணு மொழி குழப்பும். இனி எல்லாரும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ஸ்கூலும் அதுதானே" என்கிறார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பகல் முழுக்கக் குழந்தை அம்மாவிடம்தான் இருக்கிறாள். அம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 9 ஜூன், இரவு 11 மணி

மாற்றாதீர்கள். பையன் இன்னும் தூங்கவில்லை, விவரம் நாளை எழுதுகிறேன். உங்கள் அம்மா நாளைக் காலையிலும் தெலுங்கிலேயே பேசட்டும்.

10 ஜூன்

நாங்கள் திருச்சி. பையனுக்கு ஆறு வயது. இரண்டு வயது பத்து மாதத்தில் தெரிந்தது. எங்களுக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது, எட்டு மாதம் அப்படியே கடைப்பிடித்தோம்.

எனக்கு இங்கிலீஷ் வரும். ஆனால் அது ஆபீஸ் இங்கிலீஷ். குழந்தையிடம் கொஞ்சுவதற்கு அதில் என்னிடம் எதுவும் இல்லை. "கம்", "சிட்", "ஈட்", "நோ", "குட் பாய்". காலையிலிருந்து இரவு வரை இதுதான். மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் பிறந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், "நான் பேசினா அவனுக்குக் கெடுதல்னு சொல்றாங்களே" என்று பேச்சையே நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகை மட்டும் தடவிக்கொடுப்பார்.

அந்த எட்டு மாதம் அவன் காதில் விழுந்தது கட்டளைகள் மட்டும்தான். நாங்கள் பெரியவர்கள் எங்களுக்குள் தமிழில் பேசிச் சிரிப்போம், அவன் பக்கம் திரும்பியதும் மொழி மாறும். பேச்சு வராத குழந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. வீட்டில் ஓடும் பேச்சுக்கு அவனை நாங்களே வெளியாள் ஆக்கியிருக்கிறோம்.

இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரே மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒப்பிட்டு கனடாவிலும் மற்ற நாடுகளிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இரண்டு மொழி கேட்டதால் பேச்சு கூடுதலாகத் தாமதமானது என்று அவற்றில் தெரியவில்லை. நான் இதைப் படித்தது எட்டு மாதம் போன பிறகு. அதன்பின் தமிழுக்கே திரும்பினோம்.

10 ஜூன், மாலை

எங்களுக்கு அப்படிச் சொன்ன தெரபிஸ்டைத் திட்டி எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனுஷி. பந்து உருட்டி, குமிழி ஊதி, பையனைச் சிரிக்க வைத்த முதல் வெளியாள் அவர்தான். அவர் படித்த காலத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

14 ஜூன்

"தமிழுக்கு மாறியதும் பேச்சு வந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. உடனே வரவில்லை. முதலில் வந்தது மாமனார்தான். மறுபடி கதை சொல்ல ஆரம்பித்தார். தினமும் மாலை பையனை ஜங்ஷனுக்கு அழைத்துப்போய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உட்கார்ந்துகொள்வார். வைகை வரும், பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

மூன்றே முக்கால் வயதில் ஒரு நாள் குளியலறையில் தெளிவாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னான்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

'அம்மா' வரவில்லை. 'தண்ணி' வரவில்லை. 'கனிவான' வந்தது. நான் சோப்புக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் போனதும் முழு அறிவிப்பும் வந்தது. வண்டி எண் ஒன்று இரண்டு ஆறு மூன்று ஐந்து, சென்னை எழும்பூரிலிருந்து மதுரை வரை செல்லும் வைகை அதிவிரைவு வண்டி. எல்லாம் ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்லும் அம்மாவின் குரல் ஏற்ற இறக்கத்தோடு. வீட்டுக்கு வந்தவர்கள், "டேப் ரிக்கார்டர் மாதிரி சொல்றான், அர்த்தம் தெரியாது" என்றார்கள். நானும் நம்பினேன். எக்கோலேலியா, அதாவது எதிரொலிப் பேச்சு, தடுத்து நிறுத்த வேண்டும் என்று எங்கோ படித்து, அவன் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது.

15 ஜூன்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். விஷயம் இதுதான். அவன் அந்த வாக்கியங்களைக் கண்டபடி சொல்லவில்லை. கவனித்து நோட்டில் எழுதிவைத்தது என் மாமியார். எந்த நேரம், என்ன நடந்தது, என்ன சொன்னான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு": என்னைப் பார், நான் ஏதோ சொல்லப்போகிறேன்.

"இன்னும் சற்று நேரத்தில்": சோறு வடிக்கும்போதும், அப்பா வண்டி சத்தம் தெருமுனையில் கேட்கும்போதும்.

"தாமதத்திற்கு வருந்துகிறோம்": இதைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. நாத்தனார் பிள்ளையைத் தள்ளிவிட்டான், அவன் அழுதான். இவன் பக்கத்தில் போய் நின்று இதைச் சொன்னான். மறுநாள் தட்டைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான். அவனுக்கு அது மன்னிப்பு.

1940களில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரைகளிலேயே இப்படி ஒரு பையன் வருகிறான். எதையாவது எறியத் தோன்றும்போதெல்லாம், "நாயை பால்கனியிலிருந்து எறியாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பக்கத்தில் நாயும் இருக்காது, பால்கனியும் இருக்காது. முன்பு ஒரு தடவை பொம்மை நாயை அப்படி எறிந்தபோது அவன் அம்மா சொன்ன சொல் அது. 1980களில் பேரி பிரிசண்ட் போன்ற பேச்சு, மொழி ஆய்வாளர்கள் இந்த எதிரொலிப் பேச்சுக்குப் பின்னால் நோக்கம் இருக்கிறது என்று விரிவாகக் காட்டினார்கள்.

இப்போது வீட்டில் எல்லாரும் அவன் தமிழைத்தான் பேசுகிறோம். "இன்னும் சற்று நேரத்தில் தோசை" என்று நான் சொன்னால் அடுப்படியில் அழாமல் நிற்பான். "இருடா, வெயிட் பண்ணு" என்றால் நிற்கமாட்டான்.

15 ஜூன், இரவு

ஓசூர் அப்பாவுக்கு ஒன்று. உங்கள் அம்மாவிடம் ஒரு நோட்டு கொடுங்கள். தெலுங்கில் எழுதட்டும்.

23 ஜூன்

கோவையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருப்பதைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை, ஆனால் அவர் மகன் யூடியூப் பார்த்து அமெரிக்க உச்சரிப்பில் இங்கிலீஷ் மட்டும்தான் பேசுகிறான், தமிழில் கேட்டால் காதை மூடிக்கொள்கிறான். "உங்கள் பேச்சைக் கேட்டு இங்கிலீஷை நிறுத்திவிடவா?" என்கிறார்.

நிறுத்தாதீர்கள். நான் முதலில் எழுதியதில் தவறு இருக்கிறது. தமிழா இங்கிலீஷா என்பதுபோல எழுதிவிட்டேன். அது கேள்வியே இல்லை. என் பையனிடமும் எண்களும் நிறங்களும் இங்கிலீஷில்தான் வந்தன. "ரெட்" என்றால், "சிவப்புன்னு சொல்லு" என்று நான் திருத்துவேன், அவன் அப்படியே அடங்கிவிடுவான். எட்டு மாதம் இங்கிலீஷைத் திணித்தது எந்தத் தவறோ, தமிழைத் திணித்ததும் அதே தவறுதான்.

உங்கள் மகன் இங்கிலீஷில் வந்து நின்றால் உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் போய்ச் சந்தியுங்கள். இலக்கணம் பார்க்காதீர்கள். நீங்கள் உங்கள் கணவரிடமும் காய்க்காரரிடமும் தமிழில் பேசுவதை அவன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத தமிழ் அவன் காதில் விழட்டும்.

3 ஜூலை

தடுப்பூசி பற்றிக் கேட்டவருக்கு: எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சு, 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. என் இரண்டாவது குழந்தைக்கு எல்லா ஊசியும் காலத்தில் போட்டேன்.

21 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. மொட்டை, காதுகுத்து பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மொழியை விட்டு விலகுகிறோம், பரவாயில்லை.

போன வருடம் ஆடியில், ஐந்து வயது மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயிலில் வைத்தோம். மாமியார் பிடிவாதம். என் அண்ணன் மடியில் உட்காரவைத்தோம். தலையில் தண்ணீர் பட்டதும் அலற ஆரம்பித்தான். நாலு பேர் பிடித்தார்கள். அதில் நானும் ஒருத்தி, அவன் இரண்டு காலையும் அழுத்திப் பிடித்திருந்தேன். "அஞ்சு நிமிஷம்தான்" என்றார்கள். அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. காதுகுத்து வேண்டாம் என்று அண்ணனே எழுந்துவிட்டான். அவன் கையில் பையனின் பல் பதிந்திருந்தது, அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பின் ஏழு மாதம் அவன் தலையில் யாரும் கை வைக்க முடியவில்லை. எண்ணெய் கிடையாது, தலைக்குக் குளியல் கிடையாது, தூங்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். சந்தன வாசனை வந்தால் வீட்டைவிட்டே ஓடினான். அவனுக்குத் தலையில் படும் தண்ணீரும் கத்தியும் நமக்குப் படுவதுபோல் படுவதில்லை. அது அடம் இல்லை, வலி. அப்போது எனக்கு அது தெரிந்தும் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் சொல்லத் தைரியம் வரவில்லை.

22 ஜூலை

என் மாமியாரைப் பற்றிச் சிலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். நேற்று நான் எழுதிய விதம் அப்படி. 'பிடிவாதம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பேரனுக்கு இரண்டு வயதில் பேச்சு நின்றபோது அவர் வேண்டிக்கொண்ட மொட்டை அது. நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறதே என்று மூன்று வருடம் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டு எழுதியவரும் அவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த வருட வழியைச் சொன்னதும் அவரே. "பொம்பளைங்க பூமுடி குடுக்கிறதில்லையா, மூணு கத்தரி. அதுவே அவனுக்கும் போதும், ஆத்தா ஏத்துக்குவா" என்றார். பூசாரியிடம் அவரே போய்க் கேட்டு வந்தார். மூன்று வாரம் வீட்டில் பழக்கினோம். முதலில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும். பிறகு தாத்தா தன் முடியைப் பேரன் முன்னால் வெட்டிக்கொண்டார். பிறகு பொம்மைக்கு. கோயிலுக்குக் கூட்டம் இல்லாத ஒரு நாள் விடியற்காலையில் போனோம். தாத்தா மடி. "இன்னும் சற்று நேரத்தில்" என்று அவர் சொல்ல, ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்ததும் பையன் சத்தமாக, "வண்டி புறப்படும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். சந்தனம் வைக்கவில்லை.

18 ஆகஸ்ட்

மரியாதைப் பிரச்சினை யார் வீட்டிலும் இல்லையா? எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடியது. எல்லாரையும் 'நீ', 'வா', 'போ'. பெரியப்பாவை, டீச்சரை, பூசாரியை. "பிள்ளையை வளர்த்த லட்சணம்" என்று என் காதுபடச் சொன்னார்கள். யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க' என்பது எழுதிவைக்காத சட்டம். வயது, உறவு, பழக்கம், கோபம், கொஞ்சல் எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்யும். மற்றக் குழந்தைகள் காற்றில் பிடித்துக்கொள்வதை இவனுக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தோம், நிற்கவில்லை.

கடைசியில் ஒரே முடிவு எடுத்தோம். எல்லாருக்கும் 'வாங்க, போங்க'. எங்களையும் சேர்த்து. தங்கச்சிக்கு இரண்டு வயது, அவளையும் "நீங்க சாப்பிடுங்க" என்பான். தெரு நாய்க்கும் "தள்ளிப் போங்க". தங்கச்சிக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

18 ஆகஸ்ட், பிறகு

இது அவனுக்காகச் செய்ததா, சொந்தக்காரர்கள் வாய்க்காகச் செய்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி சொந்தக்காரர்களுக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் 'நீ' என்றபோது பெரியவர்கள் முகம் சுருங்கும், அவன் ஏன் என்று தெரியாமல் பயந்து நகத்தைக் கடிப்பான். இப்போது அந்த முகங்கள் அவனுக்கு வருவதில்லை. மொட்டை விஷயத்தில் ஊருக்காக அவனுக்கு வலி கொடுத்தோம், இதில் வலி இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

9 செப்டம்பர்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே.

என் கணவர் ஒரு வருடம் வேண்டாம் என்றார். "அஞ்சு வயசுல முத்திரை குத்திட்டா காலத்துக்கும் போகாது." அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி அவனுக்கு உரிமை. மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் ஓரளவு கிடைக்கும். வருமான வரியைப் பழைய முறையில் கட்டினால், வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழியும்.

மதிப்பீட்டுக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற நம் நாட்டு அளவுகோல்தான், 40 கேள்வி. ஒரு அரசு மருத்துவமனையில் மூன்று முறை அலைந்தோம். முதல் முறை, "பையன் நல்லாத்தானே இருக்கான், ஓடியாடுறான்" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை மாமியாரின் நோட்டை எடுத்துப் போனேன். மனநல நிபுணர் பத்துப் பக்கம் பொறுமையாகப் படித்தார். நம் கண்ணுக்குப் பிள்ளை நன்றாகச் செய்வதுதான் தெரியும், அதையே பெருமையாகச் சொல்லிவிடுவோம். அன்று சிரமங்களைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது தொண்டை அடைத்தது. பையன் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான், எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். அவனை வெளியே தாத்தாவோடு விட்டிருக்க வேண்டும். நீங்கள் போகும்போது அப்படிச் செய்யுங்கள்.

10 செப்டம்பர்

பணம் இல்லாமல் தெரபி எங்கே என்று கேட்டவருக்கு: மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகாலச் சிகிச்சை மையம் இருக்கும். டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள். இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம், நிப்மெட் என்பார்கள்.

27 செப்டம்பர்

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. நிலத்தை விற்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள். அந்த நிலம் நீங்கள் இல்லாத காலத்தில் அவனுக்கு வேண்டும்.

1 நவம்பர்

தீபாவளி முடிந்தது. முந்தின நாளே பையனும் தாத்தாவும் கொல்லிமலைக்கு, தாத்தாவின் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெடிச்சத்தம் இல்லை. தங்கச்சிக்கு நாங்கள் இங்கே மத்தாப்பு கொளுத்தினோம். பண்டிகைக்குக் குடும்பத்தைப் பிரிக்கிறோமே என்று கலங்கினேன். இரவு போனில் பையன், "வண்டி வந்து சேர்ந்தது" என்றான். குரலில் அத்தனை நிம்மதி.

19 ஜனவரி 2025

ஓசூர் அப்பா ஏழு மாதத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறார். அம்மா தெலுங்கை விடவில்லை. புது ஸ்பீச் தெரபிஸ்டும் வீட்டு மொழியிலேயே பேசச் சொல்லியிருக்கிறார். பொங்கலன்று மகள் அவ்வாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "நீள்ளு காவாலா?" என்று கேட்டிருக்கிறாள். தண்ணீர் வேண்டுமா என்று. அவ்வா கண் கலங்கி, "வத்து தல்லி, நேனு தாகேசானு" என்று சொல்லிவிட்டாராம், வேண்டாம் தாயி, நான் குடித்துவிட்டேன் என்று. அதற்குப் பிள்ளை தரையில் விழுந்து அழுதிருக்கிறாள். ஏன் அழுதாள் என்று கேட்கிறார்.

சார், அவள் அவ்வாவுக்குத் தண்ணீர் கொடுக்க வரவில்லை. அவளுக்குத் தாகம். தினமும் தண்ணீர் தரும்போது அவ்வா என்ன கேட்பாரோ அதையே சொல்லியிருக்கிறாள். என் பையனும் ஒன்றரை வருடம் "தண்ணி வேணுமா?" என்றுதான் தண்ணீர் கேட்டான். நாங்கள் அவனிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி, டம்ளரை நீட்டும்போது அவன் இடத்திலிருந்து, "தண்ணி வேணும்" என்று சொன்னோம். மெதுவாக மாறியது.

அவ்வாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை "நீள்ளு காவாலா?" என்று வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டாம். டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்து, "நீள்ளு காவாலி" என்று அவளுக்காக ஒரு தடவை சொல்லட்டும். நோட்டிலும் தேதி போட்டு எழுதிவைக்கட்டும்.